பாரை ஒழிக்கப் போன கதை

தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழ் எனக்கு அத்துப்படி என்று ஹெங்க்கிடம் சொன்னபோது, அது பொய் என்று எனக்கே தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து கடல் ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஒரு மணி நேரத்தில் தமிழ் எவ்வளவு மாறிவிடப்போகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கான விண்ணப்பத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஹெங்க், நான் வேலை பார்க்கும் நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கடற்கரைப் பொறியியல் பேராசிரியர். ஆறரை அடி உயரம். மனதில் பட்டதை அப்படியே சொல்வார். நான் அதே துறையில் கான்கிரீட் பாடம் எடுக்கும் ஒப்பந்த விரிவுரையாளர். புயலும் வெள்ளமும் வந்தாலும் விழாமல் நிற்கிற பாலம், சாலை, கட்டடம் கட்டக் கற்றுத்தரும் ஒரு கூட்டுப் படிப்பை, தூத்துக்குடியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து தொடங்குவதாக ஏற்பாடு. இரண்டு நாட்டு மாணவர்களும் ஒரு கடலோர ஊரில் ஒரு மாதம் தங்கிப் படிக்க வேண்டும். அதனால் கையெழுத்து மூன்று: பல்கலைக்கழகம், கல்லூரி, ஊர்க் கமிட்டி. மூன்றும் விழுந்தால் எனக்கு இன்னும் சில வருடம் வேலை உண்டு. ஒன்று குறைந்தாலும் என் அண்ணனின் உரக்கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான்.

முதல் நாள் கல்லூரி. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. எழுத நினைத்தது, ‘பேரிடர் மேலாண்மைப் பேராசிரியரே வருக! வருக!’ என்பது. இடம் போதாமல் நடுவில் இருந்ததைப் பொடி எழுத்தாக்கிவிட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால், ‘பேரிடர், வருக! வருக!’ என்று மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஹெங்க் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. தலை அவருடையது, கைகள் யாருடையவோ.

கட்டடத் துறைத் தலைவர் முத்துராஜ் சார்தான் எல்லா ஏற்பாட்டுக்கும் பொறுப்பு. பனங்காட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர். எந்தக் காரியத்தையும் ஒரு ஃபிளெக்ஸ் அடித்துத்தான் தொடங்குவார். வரவேற்புரையில், “சாரோட முன்னோர்கள்தான் இந்தத் துறைமுகத்தை போர்த்துக்கீசியர்கிட்ட இருந்து பிடிச்சு ஆண்டாங்க. இன்னிக்கு சார் கல்வியோட வந்திருக்காங்க” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். ஹெங்க் முகம் சிவந்து எழுந்து நின்று, தன் முன்னோர்கள் செய்த எல்லாவற்றுக்கும் இந்த அரங்கிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். மாணவர்கள் விசிலடித்தார்கள். முத்துராஜ் சார் பதறிப்போய், “பரவால்ல சார், அது பழைய கத” என்று இன்னொரு பொன்னாடை போர்த்தினார்.

மதியம் இலையில் வைத்த பதினெட்டு வகையையும் ஹெங்க் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ரொட்டியும் சீஸும் கிடைக்குமா என்று என் காதில் கேட்டார். அந்த நாட்டில் மதியச் சாப்பாடு என்றால் குளிர்ந்த ரொட்டி இரண்டு துண்டுதான். இத்தனை வருடத்தில் எனக்கு அது பழகவே இல்லை. அதனால் அவருடைய துயரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் இரங்கவில்லை.

சாயங்காலம் பரோட்டாக் கடை. கல்லில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் கேட்டு, உள்ளே ஏதோ பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, முடிந்ததும் வரலாம் என்றார் ஹெங்க். அதுதான் சமையல் என்றேன். சால்னாவைத் தொட்டு ஒரு வாய் வைத்தவர், கண்ணில் தண்ணீர் வழிய, “நன்றாக இருக்கிறது, நிறுத்த முடியவில்லை” என்று நான்கு தின்றார். அதன்பின் பேக்கரியில் ஒரு மக்ரூனை வாயில் போட்டார். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் நாக்கில் கரைந்ததும் இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டார். பிறகு, இந்தப் படிப்பு எப்படியும் நடந்தே ஆக வேண்டும் என்றார்.

இரண்டாம் நாள் ஊருக்குக் கிளம்பினோம். தருவைகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் கொஞ்ச நேரத்தில் தெரியும். மாப்பிள்ளையூரணி தாண்டியதும் கல்லூரிக் கார் டிரைவர் குறுக்குவழி என்று உப்பளப் பாதையில் இறக்கினார். காரின் நான்கு சக்கரமும் சேற்றில் உட்கார்ந்துகொண்டன. உப்பளத்தை முதல்முறை பார்ப்பவர்கள் பனி போல இருக்கிறது என்பார்கள். ஹெங்க் பார்த்துவிட்டு, வண்டி போகும் வரப்பில் ஏன் சரளைக் கல் போடவில்லை என்று கேட்டார்.

அப்போது மீன் கம்பெனிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ வந்தது. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் எனக்கு இடம். ஹெங்க்கும் முத்துராஜ் சாரும் பின்னால் ஐஸ் பாளத்தின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். சாக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? ஊர் போய் இறங்கியபோது இரண்டு பேராசிரியர்களின் பின்பக்கமும் தொப்பலாக நனைந்திருந்தது. மீன் ஏலக்கூடத்தில் கூடியிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஊர்க் கமிட்டித் தலைவர் சூசை அண்ணாச்சி நெடுநெடுவென்று இருந்தார். பேச்சில் சிக்கனம். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது மீன் ஏலம் எடுக்கும் ரோஸ்மேரி அக்கா. அவருக்குச் சிக்கனமெல்லாம் கிடையாது. எங்களைப் பார்த்ததும், “சேரு ஈரமாயிரும், பெஞ்சியில இருங்க” என்றார்.

ஹெங்க் முதல் கேள்வி கேட்டார். புயல் வரும்போது இந்த ஊரைக் காப்பாற்றுவது எது?

“பார்தான்” என்றார் சூசை அண்ணாச்சி. “கவுருமெண்டு இல்ல, எஞ்சினியரு இல்ல. பார் இல்லன்னா இந்த ஊரு எப்பமோ போயிருக்கும்.”

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. பெண்களும் ஆட்டியதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் நடுநிலையோடு இருக்க வேண்டுமே. “பார்” என்று அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெங்க் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தார். அவருக்குச் சரியாகப் புரியட்டும் என்று, “அதாவது, மது குடிக்கும் இடம்” என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

எத்தனை இருக்கின்றன என்று கேட்டார்.

“பெருசு மூணு. சின்னது அங்கனயும் இங்கனயுமா நெறைய கெடக்கு.”

எப்போதெல்லாம் போவீர்கள்?

“நித்தமும்தான். விடியமுன்ன போனா மத்தியானம் வருவோம்.”

குழந்தைகள்?

“லீவு நாள்ல கூட்டிட்டுப் போவோம். சின்னதுலயே பழகணும்லா.”

ஹெங்க்கின் பேனா நின்றுவிட்டது. அரசாங்கம் இதற்கு ஏதாவது செய்கிறதா என்று தயங்கிக் கேட்டார்.

“இப்பம் கவுருமெண்டே கான்கிரீட்டுல பார் செஞ்சு போடுதாவ. நல்ல காரியம்தான். ஆனா பழைய பாருக்கு அது ஈடாவுமா?”

அரசாங்கமேவா என்றார் ஹெங்க். எங்கள் மாநிலத்தில் அப்படித்தான் என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

ரோஸ்மேரி அக்கா குறுக்கே வந்தார். “எங்க வீட்டுக்காரரு பார்ல வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாரு. அதுக்காவ பாரை வெறுத்துர முடியுமா? அது எங்களுக்கு ஆத்தா மாரில்லா.” இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு ரோஸ்மேரி அக்கா வீட்டில் சாப்பாடு. “குசினிக்குள்ள வாளா” என்று என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் நண்டுக் குழம்பை ஊற்றினார். அப்படி ஒரு குழம்பை நான் எங்கள் ஊரிலும் சாப்பிட்டதில்லை, நெதர்லாந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு மூலையில் அவருடைய வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். நிதானமாக, தெளிவாகப் பேசினார். பகலில் குடிப்பதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் ஹெங்க் நேரடியாகவே சொன்னார்: மதுதான் தங்களைக் காப்பாற்றுகிறது என்று நம்பும் ஊரில் மாணவர்களைத் தங்கவைக்க முடியாது. இதற்கு ஒரு வழி செய்தால் ஒழியக் கையெழுத்து இல்லை. அந்த ஊர் இல்லாமல் படிப்பும் இல்லை.

எனக்கு உரக்கடையின் வாடை மூக்கில் ஏறியது. முத்துராஜ் சாருக்கு போன் போட்டு, ஊரில் மூன்று பார் இருக்கிறதாம், பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்களாம் என்று புலம்பினேன். அவர் கூட்டத்தில் இருந்தவர்தான், எல்லாவற்றையும் காதால் கேட்டவர்தான். “கடக்கர ஊருன்னா அப்படித்தான மேடம்” என்றார். “நானும் கேட்டு அரண்டுதான் போனேன். நீங்க கவலப்படாதிய. ராத்திரிக்குள்ள விழிப்புணர்வுக்கு ஏற்பாடு பண்ணிருதேன்.” என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அவர் செய்யும் ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான் என்பதை முதல் நாளே பார்த்தவள் நான், கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது, ஏலக்கூடத்தின் முகப்பில் அது தொங்கியது. இந்த முறை எழுத்தில் குறையே இல்லை. கல்லூரிச் சின்னம் ஒருபக்கம், எங்கள் பல்கலைக்கழகச் சின்னம் மறுபக்கம், நடுவில் கொட்டை எழுத்தில்:

‘பாரை ஒழிப்போம்! ஊரைக் காப்போம்!’

பாட்டில் படம் போட்டால் ஊர்க்காரர்கள் மனம் புண்படும் என்று, நாகரிகம் கருதி, அலைகளின் படத்தைப் போட்டிருந்தார் முத்துராஜ் சார்.

ஃபிளெக்ஸுக்குக் கீழே ஊரே திரண்டிருந்தது. கருவாட்டுக் கூடையோடு நின்ற ஒரு ஆச்சி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “பாரை மீனு இவிகளுக்கு என்ன பாவம்ல செஞ்சுது?” என்று கேட்டார். சூசை அண்ணாச்சியின் முகம் கறுத்திருந்தது.

“சோத்தப் போட்டு அனுப்புனோம். மறுநாளே பாரை ஒழிக்க வந்துட்டிய. பாரை ஒடச்சு ஆழம் பண்ணிரணும்னு கொஞ்சப் பேரு அலையுதாவ. நீங்களும் அந்தக் கூட்டந்தானா?”

உடைத்து ஆழம் பண்ணுவது என்றால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. முத்துராஜ் சாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் அவர் தைரியமாக முன்னால் போனார்.

“அண்ணாச்சி, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம். பாருக்குப் போயி எத்தன குடும்பம் அழிஞ்சிருக்கு!”

“பாருக்குப் போவாட்டாதாம்யா குடும்பம் அழியும்!” என்று ஐம்பது குரல்கள்.

என்ன நடக்கிறது என்று ஹெங்க் கேட்டார். பழக்கத்தை விட மறுக்கிறார்கள் என்றேன்.

ரோஸ்மேரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஏளா, நீ பாரைக் கண்ணால கண்டுருக்கியா?”

“அங்கெல்லாம் நான் போறதில்லக்கா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அப்பம் பாக்காமலேயா ஒழிக்க வந்த? வா. வள்ளத்துல ஏறு.”

பாருக்கு எதற்கு வள்ளத்தில் போக வேண்டும்? வள்ளம் கரையை விட்டு நகர்ந்தபோதும் எனக்கு அந்தக் கேள்விதான். போலீஸுக்குப் பயந்து தீவில் வைத்திருக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். சூசை அண்ணாச்சி எஞ்சினைப் பிடித்திருந்தார். ரோஸ்மேரி அக்கா என்னை விடாமல் பிடித்திருந்தார். ஹெங்க்குக்கு எந்த லைஃப் ஜாக்கெட்டும் சேரவில்லை, ஒன்றை முன்பக்கம் ஏப்ரன் போலக் கட்டியிருந்தார். முத்துராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். “குனிஞ்சு பாரு” என்றார்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கீழே, கையை விட்டால் எட்டும் போல, பாறை. பழுப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம் மூடிய பாறை, நீளவாட்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. அதன் மேல் மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இடையிடையே அரசாங்கம் இறக்கிய, கான்கிரீட்டில் வார்த்த பெட்டிகள். அந்தப் பக்கம் கடல் உருண்டு திரண்டு வந்து, பாறையில் மோதி நுரைத்து, இந்தப் பக்கம் வரும்போது எங்கள் ஊர்க் குளம் மாதிரி அடங்கிக் கிடந்தது.

“இதுதான் பார்” என்றார் அண்ணாச்சி. “எங்க பூட்டன் இதுல மூழ்கித்தான் முத்துச்சிப்பி எடுத்தாரு. நாங்க மீனு புடிக்கோம். புயலு வந்தா மொத அடிய இது வாங்கிக்கிடும். மிச்சந்தான் எங்களுக்கு. கப்பலு வர ஆழம் வேணும்னு இதத்தான் ஒடைக்க அலையுதாவ. இதையா நீங்களும் ஒழிக்கணுங்கிய?”

முத்துராஜ் சார் கண்ணைத் திறந்து பாரைப் பார்த்தார். பார்த்த நிமிடமே அதன்மேல் வாந்தி எடுத்தார்.

நான் ஹெங்க்கிடம் திரும்பி, திக்கித் திணறி, பார் என்றால் இதுதானாம் என்றேன். அவர் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆமாம், பார்” என்றார். “கடலடித் திட்டு. எங்கள் பாடத்திலும் கடலடி மணல் திட்டுக்கு ஆங்கிலத்தில் ‘பார்’ என்றுதான் பெயர், ஏறக்குறைய அதே பொருள், அதே சத்தம். நேற்று நீ சொன்னதும் நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். நீதான் மது குடிக்கும் இடம் என்றாய்.”

அது உண்மை. நான் அந்த ஒற்றைச் சொல்லோடு வாயை மூடியிருந்தால், தமிழே தெரியாத அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். தமிழ் தெரிந்த நான் நடுவில் புகுந்து கெடுத்தேன். என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. மூன்று சாராயக்கடைக்கு ஊரே தினமும் போகிறது, பிள்ளைகளையும் கூட்டிப்போகிறது என்றதை நானும் முத்துராஜ் சாரும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினோம். எங்கள் ஊரில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான்கு தடவை திருப்பிக் கேட்டிருப்போம். கடற்கரை என்றதும் நம்பத் தயாராக இருந்தோம். வள்ளத்தில் உட்கார்ந்தபடி நான் வெட்கத்தால் செத்தேன்.

மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். ரோஸ்மேரி அக்கா சிரிக்கத் தொடங்கி, வள்ளம் ஆடும்வரை சிரித்து, “நித்தமும்... பிள்ளைகளயும் கூட்டிட்டு...” என்று மூச்சு வாங்கிக் கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“அப்பம் எங்க வீட்டுல சோறு திங்கும்போதும், இவனுவ குடிகாரப் பயலுவன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் எஞ்சினைக் கிளப்பினார். கரை சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்து போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டேன்.

நான்காம் நாள், ரோஸ்மேரி அக்கா வரச் சொல்லி அனுப்பியதால், ஃபிளெக்ஸ் எதுவும் இல்லாமல் ஏலக்கூடத்தில் கூடினோம். ஹெங்க் காலையில் எழுந்ததும் ஒப்பந்தத்தைத் திருத்தி, படிப்பின் முதல் பாடமே பார்தான், அதைச் சொல்லித்தருவது ஊர்க்காரர்கள்தான் என்று எழுதியிருந்தார். முத்துராஜ் சார் தமிழில் வரிவரியாகப் படித்தார். கூட்டம் உம் கொட்டிக் கேட்டது. கடைசிப் பக்கத்தில், “உள்ளூர்த் தமிழ் அறிந்த ஒருங்கிணைப்பாளர்: சங்கரி” என்று படித்தார்.

“நில்லுங்க” என்றார் சூசை அண்ணாச்சி. “சங்கரி யாரு? இந்தப் புள்ளையா? இதுக்குத்தான் தமிழ் தெரியாதே!”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வலையில் ஒரு கண் அறுந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

“படிக்க வார பிள்ளைகளோட இதுவும் ஒண்ணா உக்காரட்டும். ஒரு வருசம் இங்கன இருந்து ரோஸ்மேரிகிட்ட பேச்சுப் படிக்கட்டும். எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேக்கப் பழகட்டும். பெறவு பேரு போடலாம். இதுக்குச் சம்மதம்னா நான் கையெழுத்துப் போடுதேன். இல்லன்னா கெளம்புங்க.”

என்ன சொல்கிறார் என்று ஹெங்க் என்னைப் பார்த்தார். நான் முத்துராஜ் சாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகவே தெரியும், கொஞ்சம் பூசி மெழுகினால் போதும். ‘சிறு பயிற்சி ஒன்று பரிந்துரைக்கிறார்’ என்றால் வேலையும் இருக்கும், மானமும் இருக்கும். தெரிந்துகொள்ள அங்கே ஆங்கிலம் புரிந்தவர் யாருமில்லை, முத்துராஜ் சாரைத் தவிர.

“இவளுக்குத் தமிழ் தெரியாது என்கிறார்” என்றேன். “ஒரு வருடம் மாணவியாக உட்கார வேண்டும். கேள்வி கேட்கப் பழக வேண்டும். பிறகுதான் பெயர் போடலாம். ஒத்துக்கொண்டால் கையெழுத்து, இல்லாவிட்டால் கிளம்பச் சொல்கிறார்.”

“விளக்கம் ஏதாவது சேர்த்தாயா?” என்றார் ஹெங்க்.

“இல்லை.”

அவர் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, பேனாவை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது, பதவி போயிற்று. மாணவர் பட்டியல் என்று தலைப்பு மட்டும் போட்டிருந்த வெள்ளைத் தாளை இழுத்து, முதல் வரியில் என் பெயரை நானே எழுதினேன்.

ரோஸ்மேரி அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “பேராவது பிழையில்லாம எழுதிருக்கியாளா?” என்றார்.